போர்வெல் நம்ம ஊரையும் நம்ம நாளையையும் எப்படி மாத்துச்சு: அடிக்கடி கேக்குற கேள்விகள்

அறிவியல் சமூகத்தை மாத்துதுன்னு பேச வந்தா எல்லாரும் செல்போன், ஏஐன்னு பேசுறாங்க, நீங்க ஏன் போர்வெல்ல புடிச்சீங்க?

ஏன்னா ஒரு ஊரோட பயிரு, கடன், பகை, உறவு, ஓட்டு எல்லாத்தையும் ஒரே மிஷின் மாத்துனத நம்ம கண்ணால பாத்தது போர்வெல்லுல தான். உலகத்துலயே நிலத்தடி தண்ணிய அதிகமா உறிஞ்சுற நாடு இந்தியா, அமெரிக்காவும் சீனாவும் எடுக்குறத சேத்து வச்சாலும் நம்மள விட கம்மி. வருஷத்துக்கு சுமாரா 240 பில்லியன் கன மீட்டர் எடுக்குறோம், அதுல 87 சதவீதம் கிட்ட விவசாயத்துக்கு போகுது. இவ்வளவு பெரிய விஷயம் யாரும் உக்காந்து முடிவு பண்ணி நடக்கல, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க தோட்டத்துல ஆறரை இஞ்ச் ஓட்டை போட்டதுல நடந்தது. ஒரு மிஷின் வந்தா யாரு யாரை நம்பி வாழணும்ங்கிறதே மாறிடும், நான் சொல்ல வர்றது அது தான், கீழ வர்ற பதில் எல்லாம் அத சுத்தியே இருக்கும்.

போர்வெல் வர்றதுக்கு முன்னாடி தோட்டத்துக்கு தண்ணி எப்படி இறைச்சாங்க?

கொங்கு பக்கம் கவலை, தெக்க கமலைன்னு சொல்லுவாங்க, வடக்கு மாவட்டங்கள்ல ஏத்தம். கவலைன்னா கிணத்து மேட்டுல இருந்து கீழ சரிவா ஒரு பாதை இருக்கும், ரெண்டு மாடு அந்த சரிவுல இறங்க இறங்க தோல் சால் தண்ணியோட மேல ஏறி வந்து வாய்க்கால்ல கொட்டும், மாடு பின்னாடியே ஏறி வரும், மறுபடி இறங்கும், விடிகாலைல நாலு மணிக்கு ஆரம்பிச்சு வெயில் ஏறுற வரைக்கும் இதே வேலை. மாடு இழுக்குற அளவுக்கு தான் தண்ணி, அதனால கிணத்துல மட்டம் இறங்கினா இறைப்பும் தானா கொறைஞ்சிடும், எவ்வளவு பேராசை இருந்தாலும் அதுக்கு மேல எடுக்க முடியாது.

இதுல ஆளுங்க எத்தன பேரு சம்பந்தப்பட்டிருக்காங்கன்னு பாருங்க. கொங்குல அந்த தோல் சால தைச்சு, கிழிஞ்சா ஒட்டு போட்டு குடுத்தது அருந்ததியர் குடும்பங்கள், அதுக்கு அறுவடையில தானியம் அளந்தாங்க. அந்த ஏற்பாடு நியாயமானதுன்னு நான் சொல்ல வரல, சாதி அடிமைத்தனம் அதுக்குள்ள முழுசா இருந்துச்சு. ஆனா மோட்டார் வந்ததும் சாலும் போச்சு அந்த வேலையும் போச்சு, அவங்களுக்கு பதிலுக்கு நிலமோ கிணறோ யாரும் குடுக்கல. தண்ணி இறைக்கிற விதம் மாறுனத பத்தி எழுதுறவங்க மகசூல எழுதுறாங்க, இந்த பக்கத்த அதிகம் எழுதுறதில்ல.

கரண்ட் மோட்டார் எப்போ வந்துச்சு?

பைகாரா நீர்மின் நிலையம் 1932ல ஓட ஆரம்பிச்சுது, அந்த கரண்ட் மலையிறங்கி கோயம்புத்தூர் பக்கம் வந்ததும் மில்லும் வந்துச்சு பட்டறையும் வந்துச்சு. 1937ல ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேந்து உள்நாட்டுலயே எலக்ட்ரிக் மோட்டார் செஞ்சாங்க. அதுக்கப்புறம் கோவை பட்டறைகள் பம்புலயே ஊறிப் போச்சு, இன்னிக்கும் நாட்டுல எங்க போனாலும் கோயம்புத்தூர் பம்பு இருக்கும். சுதந்திரத்துக்கு அப்புறம் கிராம மின்சாரத்துல தமிழ்நாடு மத்த மாநிலங்கள விட வேகமா போனதால பம்ப்செட்டும் இங்க சீக்கிரமே பரவிடுச்சு.

ஆனா அப்போ எல்லாம் திறந்த கிணறு தான். மேல செட்டு போட்டு மோட்டார் வைப்பாங்க, தண்ணி இறங்குனா மோட்டார கிணத்துக்குள்ள இறக்குவாங்க, அதுக்கும் எட்டலைன்னா வெடி வச்சு கிணத்த ஆழப்படுத்துவாங்க, அப்புறம் கிணத்துக்குள்ளேயே சைடு போர் போடுவாங்க. போர்வெல் திடீர்னு வானத்துல இருந்து குதிக்கல, ஒவ்வொரு படியா கீழ இறங்கி தான் அங்க வந்து சேந்தோம்.

பாறைய குடையுற மிஷின் யாரு கொண்டு வந்தா?

இது பலபேருக்கு தெரியாத கதை. 1966-67ல பீகார், உத்தரப்பிரதேசம் பக்கம் பயங்கர வறட்சி, கிணறெல்லாம் வத்திப் போச்சு. அப்போ யுனிசெப் காத்தழுத்தத்துல சுத்தியல் மாதிரி இடிச்சு பாறைய குடையுற ரிக்குகள விமானத்துல கொண்டு வந்து இறக்குச்சு. அதுவரைக்கும் கெட்டிப் பாறைல சின்னதா ஆழமா ஓட்டை போடுறது ரொம்ப மெதுவான வேலை, இது மணிக்கணக்குல முடிச்சிடுச்சு. குடிக்க தண்ணி இல்லாத ஊருக்கு தண்ணி குடுக்கத்தான் இது வந்துச்சு, கரும்பு நட இல்ல.

ஓட்டை போட்டா போதுமா, அதுல இருந்து எடுக்க பம்பு வேணுமே. அப்போ இருந்த வார்ப்பிரும்பு அடிபம்பு வீட்டு உபயோகத்துக்கு செஞ்சது, ஊரே அடிச்சா சீக்கிரம் உடைஞ்சிடும், சரி பண்ண ஆள் இருக்காது. அதுக்காக 1970கள்ல உருவானது தான் இந்தியா மார்க் 2 அடிபம்பு. சோலாப்பூர்ல செஞ்ச ஒரு ஸ்டீல் பம்ப அடிப்படையா எடுத்து, கோயம்புத்தூர் பக்கத்து கிராமங்கள்ல ஓட்டிப் பாத்து, மெட்ராஸ்ல ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் கம்பெனில தயாரிச்சாங்க. அப்புறம் அது லட்சக்கணக்குல செஞ்சு ஆப்பிரிக்கா வரைக்கும் போச்சு. ஊர்க்கிணத்துல தண்ணி சேந்த விடாம தடுக்கப்பட்ட காலனி மக்களுக்கு அவங்க தெருவுலயே ஒரு அடிபம்பு வந்தது சின்ன விஷயம் இல்ல. யாரோ மேல நின்னு குடத்துல ஊத்துற வரைக்கும் காத்திருந்தவங்க தன் கையால அடிச்சு எடுத்தாங்க. போர்வெல்ல பத்தி எவ்வளவு குறை சொன்னாலும் இத மறக்கக் கூடாது.

திருச்செங்கோடு வண்டிய எல்லா ஊர்லயும் பாக்குறோமே, அது எப்படி?

நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோடு, ரிக் வண்டிக்கு இந்தியாவுக்கே தலைநகர் மாதிரி. ராஜஸ்தான், மத்தியப்பிரதேசம், ஒடிசா, சத்தீஸ்கர்னு எங்க போனாலும் தமிழ்ல எழுதுன போர் லாரி நிக்கும், ஆப்பிரிக்கா நாடுகளுக்கும் கூட போயிருக்கு. மானாவாரி பூமி, மழைய நம்பி பொழைக்க முடியாத ஊரு, ஏற்கனவே லாரி தொழில் தெரிஞ்ச ஏரியா, பங்கு சேந்து வண்டி எடுக்குற பழக்கம், இதெல்லாம் சேந்து வந்தது. தண்ணி இல்லாத ஊருக்காரங்க தண்ணி தோண்டுறதையே தொழிலாக்கி நாடு முழுக்க போனாங்க, எத்தனையோ குடும்பம் அதுல நிமிந்துச்சு. பக்கத்துலயே பிட்டு, ஹேமர், ராடு செய்யுற பட்டறை, ரிப்பேர் ஷாப்புன்னு ஒரு உலகமே இருக்கு.

போர் போடுற அன்னிக்கு என்ன தான் நடக்கும்?

ரெண்டு லாரி வரும், ஒண்ணு ரிக், ஒண்ணு கம்ப்ரெசரும் ராடும். பாயிண்ட் குறிச்ச இடத்துல எலுமிச்சம்பழம், கற்பூரம், தேங்காய் உடைச்சு பூஜை. மேல மண்ணு இருக்குற வரைக்கும் அது சரியாம இருக்க கேசிங் பைப் இறக்குவாங்க, கெட்டிப் பாறை வந்ததும் கேசிங் நின்னுடும், அதுக்கு கீழ வெறும் ஓட்டை தான். ஒரு ராடு 20 அடி. ராடு இறங்க இறங்க ஆபரேட்டர் எண்ணிட்டே இருப்பாரு, வீட்டுக்காரரும் மனசுக்குள்ள எண்ணுவாரு ஏன்னா 300 அடி தாண்டுனா அடிக்கு இவ்வளவுன்னு ரேட்டு ஒவ்வொரு நூறடிக்கும் ஏறும்.

ஓட்டைல இருந்து வெள்ளையா புழுதி பறக்கும், பக்கத்து வாழை மரமெல்லாம் மாவு பூசுன மாதிரி ஆயிடும். புழுதி ஈரமா வந்தா எல்லார் முகமும் மாறும், சேறா கக்குனா தண்ணி கெடைச்சிடுச்சு, காத்தழுத்தத்துல மேல பீச்சி அடிக்கும், ஒரு இஞ்சு, ஒன்றரை இஞ்சுன்னு அளப்பாங்க. கெடைக்கலைன்னா தான் கொடுமை. 600 அடி போயாச்சு, புழுதி தான் பறக்குது, நிறுத்தவா போகவான்னு ஆபரேட்டர் கேப்பாரு, நடு ராத்திரி, பக்கத்துக் காட்டுக்காரருக்கு 720ல கெடைச்சிருக்கு, இவரு மனைவியோட நகைய வச்சு தான் இந்த காச புரட்டியிருப்பாரு, இப்போ நிறுத்துனா போட்டதெல்லாம் போச்சு, இன்னும் நூறடி போனா கெடைக்கலாம். அந்த பத்து நிமிஷத்துல எடுக்குற முடிவு ஒரு குடும்பத்த அஞ்சு வருஷம் கடன்ல தள்ளிடும். இத வச்சு விவசாயிக்கு பேராசைன்னு பேசுறவங்க ஒருநாள் ராத்திரி அந்த ராடு பக்கத்துல நின்னு பாக்கணும்.

கீழ போகப் போக தண்ணி இருக்கும்னு சொல்றது உண்மையா?

பெரும்பாலும் இல்ல. தமிழ்நாட்டுல ஏறத்தாழ நாலுல மூணு பங்கு நிலம் கெட்டிப் பாறை. பாதாள ஆறு ஓடுதுன்னு சொல்றதெல்லாம் இங்க கிடையாது. விரிசல் விட்ட சிமெண்ட் தரைல தண்ணி ஊத்துனா விரிசல்ல மட்டும் எறங்குமே, அந்த மாதிரி தான், பாறைல வெடிப்பு இருக்குற இடத்துல மட்டும் தண்ணி நிக்கும். மேல மக்குன பாறை இருக்குற அடுக்கு தான் நல்லா தண்ணி பிடிக்கும், மழை பெஞ்சா அது தான் முதல்ல நிரம்பும். கீழ போகப் போக மேல இருக்குற பாறையோட பாரத்துல வெடிப்பு மூடிக்கும், எண்ணிக்கையும் கொறையும். 1000 அடில கெடைக்கிற தண்ணி பல சமயம் ரொம்ப காலமா சேந்தது, எடுத்துட்டா அதே வேகத்துல திரும்ப ஊறாது. அதனால தான் போட்ட புதுசுல ரெண்டு இஞ்சு வந்த போரு ரெண்டு வருஷத்துல விட்டு விட்டு வருது.

தேங்காய், வேப்பங்குச்சி வச்சு நீரோட்டம் பாக்குறது வேலை செய்யுமா?

கட்டுப்படுத்தி செஞ்ச சோதனைகள்ல குருட்டாம்போக்குல குறிச்சத விட அது மேலன்னு நிரூபணம் ஆகல. ஊர்ல நல்லா பாக்குறவர்னு பேரு எடுத்தவங்களுக்கு அந்த ஏரியா மண்ணும் பாறையும் பழைய போர்களும் அத்துப்படியா இருக்கும், அது உதவும். ரெசிஸ்டிவிட்டி மீட்டர் வச்சு பாக்குறது நிலத்துல கரண்ட் விட்டு எந்த ஆழத்துல எதிர்ப்பு கொறையுதுன்னு பாக்குறது, அது அறிவியல் ஆனா அதுக்கும் உத்தரவாதம் இல்ல.

ஃப்ரீ கரண்ட் குடுத்தது தான் எல்லாத்துக்கும் காரணமா?

காரணத்துல ஒண்ணு, ஆனா அது எப்படி வந்துச்சுன்னு தெரியாம பேசக் கூடாது. 1970ல அரசு பம்ப்செட் கரண்ட் ரேட்ட கூட்டுச்சு, நாராயணசாமி நாயுடு தலைமையில கோவை விவசாயிங்க எழுந்தாங்க, பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூடு நடந்து மூணு விவசாயி செத்தாங்க. 1972ல கோயம்புத்தூர் ரோட்டையே மாட்டு வண்டியால அடைச்சாங்க. அந்த போராட்டமெல்லாம் பத்து பதினஞ்சு வருஷம் போச்சு, 1984ல எம்.ஜி.ஆர் அரசு சிறு விவசாயிக்கு ஃப்ரீ கரண்ட் குடுத்துச்சு, 1989ல ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு எல்லா விவசாயிக்கும் விரிச்சுது. ரத்தம் சிந்தி வாங்குனது, அதனால தான் எந்த கட்சியும் தொட பயப்படுது.

இப்போ விளைவு பாருங்க. தண்ணிக்கு விலை இல்ல, கரண்டுக்கும் விலை இல்ல, கரண்ட் வர்ற நேரம் மட்டும் தான் கட்டுப்பாடு, அதனால மூணு பேஸ் எப்போ வந்தாலும் தானா ஓடுற மாதிரி ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வச்சாங்க, தேவையோ இல்லையோ ஓடும். மீட்டர் இல்லாததால யாரு எவ்வளவு எடுக்குறாங்கன்னு அரசுக்கே சரியா தெரியாது. 20 லட்சத்துக்கு மேல விவசாய கனெக்ஷன் இருக்கு, இன்னும் காத்திருக்குறவங்க லிஸ்ட்டு நீளம்.

அதே நேரம் ஃப்ரீ கரண்ட எடுத்துட்டா தண்ணி மிஞ்சிடும்னு சொல்றதும் தப்பு. டீசல் எஞ்சின் வச்சு இறைக்கிற ஊர்லயும் மட்டம் இறங்கியிருக்கு. கரும்பு, வாழை, நெல்லுக்கு தான் சந்தையும் கொள்முதலும் உறுதின்னு இருந்தா கம்பு, எள்ளு யாரு போடுவா? முதல்ல அத மாத்தணும்.

ஏரி, குளம் எல்லாம் வீணானதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

நிறைய இருக்கு, எனக்கு இதுல தான் ரொம்ப வருத்தம். தமிழ்நாட்டுல 39,000க்கு மேல ஏரி கண்மாய் இருக்கு. ஒரு ஏரிய வச்சு பாசனம் பண்ணணும்னா வரத்து வாய்க்கால தூர்வாரணும், கரைய பலப்படுத்தணும், மடைய எப்போ தொறக்கணும்னு ஊரு கூடி பேசணும், தண்ணி பாய்ச்சி விடுற நீர்க்கட்டி ஆளுக்கு கூலி நெல்லு அளக்கணும், கடைமடைக்காரனுக்கும் தண்ணி போய் சேரணும். சண்டை சச்சரவோட தான் நடந்துச்சு, மேல்சாதிக்காரங்க கை தான் ஓங்கி இருந்துச்சு, ஆனாலும் எல்லாரும் ஒரே தண்ணிய நம்பி இருந்ததால கூடிப் பேசாம விவசாயம் பண்ண முடியாதுங்கிற கட்டாயம் இருந்துச்சு.

ஏரி தண்ணி பாயுற ஆயக்கட்டுக்குள்ளேயே வசதி உள்ளவரு சொந்தமா கிணறு, போர் போட்டதும் அவருக்கு ஏரி தேவையில்ல. கூட்டத்துக்கு வர மாட்டாரு, வரி குடுக்க மாட்டாரு. ஊர்ல சொல்லு செல்லுபடியாகுற ஆளே ஒதுங்குனா மிச்சம் இருக்குற சின்ன விவசாயி தனியா தூர்வார முடியுமா, வாய்க்கால் அடைபட்டுச்சு, வேலிகாத்தான் மொளைச்சுது, அப்புறம் பட்டா போட்டாங்க, பஸ் ஸ்டாண்டு கட்டுனாங்க. ஏரி நிரம்பாததால கீழ ஊறுற தண்ணியும் போச்சு, அதனால போர் இன்னும் ஆழமா போச்சு. சுத்தி இருக்குற கிணத்துக்கெல்லாம் ஏரி தான் தண்ணி ஊட்டிட்டு இருந்துச்சுங்கிறது ஏரி காஞ்ச அப்புறம் தான் பலருக்கும் உறைச்சுது.

அப்போ இதுல யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

முதல்ல ஆழமா போட்டவருக்கு லாபம். அவரு 800 அடில இறைச்சா பக்கத்துல 60 அடி கிணறு வச்சிருக்குறவருக்கு வத்தும், அவரும் போர் போடணும் இல்லைன்னா காட்ட மானாவாரியா விடணும், இல்ல வித்துட்டு திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கு போகணும். டெல்டாவுல கதை வேற, அங்க வண்டல் மண்ணு, பில்டர் பாயிண்ட் போட்டா கம்மி ஆழத்துலயே தண்ணி, மேட்டூர் ஜூன் 12 தொறக்காத வருஷத்துலயும் பம்ப்செட் வச்சிருக்குறவங்க குறுவை நட்டாங்க, ஆத்து தண்ணிய மட்டும் நம்புனவங்க சம்பாவுக்கு காத்திருந்தாங்க. ஒரே ஊர்ல ரெண்டு வகை விவசாயி.

பொதுவா பாத்தா 1960களுக்கு அப்புறம் நாட்டுல பசி கொறைஞ்சதுல பம்ப்செட்டுக்கு பெரிய பங்கு இருக்கு. குட்டை ரக நெல்லும் உரமும் நேரத்துக்கு தண்ணி இருந்தா தான் விளையும், அந்த நேரத்து தண்ணிய குடுத்தது கிணறு தான். சாப்பிடுற நம்ம எல்லாருமே இதுல லாபம் பாத்தவங்க, அதனால செலவுலயும் நமக்கு பங்கு இருக்கு.

ஆழத்து தண்ணி குடிச்சா உடம்புக்கு என்ன ஆகும்?

பாறைல இருக்குற தாது தண்ணில கரையும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளோரைடு, பல்லு காவி ஏறி பழுப்பாகும், அதிகமா போனா எலும்பையும் பாதிக்கும். அந்த மாவட்டங்களுக்கு காவிரி தண்ணிய கொண்டு போக ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் போட்டாங்க, 2013ல ஓட ஆரம்பிச்சுது.

இதை விட பெரிய பாடம் வங்கதேசம். 1970கள்ல குளத்து தண்ணி குடிச்சு குழந்தைங்க வயித்துப்போக்குல சாகுறாங்கன்னு லட்சக்கணக்குல குழாய்க் கிணறு போட்டாங்க. நோக்கம் நல்லது. 1993ல தான் அந்த தண்ணில ஆர்சனிக் இருக்குன்னு அங்க உறுதியாச்சு, கோடிக்கணக்கான பேரு அதுக்குள்ள வருஷக்கணக்கா குடிச்சிட்டாங்க, தோல்ல புள்ளி, புற்றுநோய். வரலாற்றுலயே மிகப்பெரிய கூட்டு விஷ பாதிப்புன்னு உலக சுகாதார நிறுவனத்தோட இதழ்லயே எழுதினாங்க. கிணறு போடும்போது கிருமிய மட்டும் மனசுல வச்சிருந்தாங்க, ஆர்சனிக்குக்கு சோதனை பண்ணணும்னு யாருக்கும் தோணல. புதுசா எது வந்தாலும் போட்டதுக்கு அப்புறமும் தொடர்ந்து சோதிக்க ஒரு ஏற்பாடு வேணும், அதுக்கு காசு ஒதுக்கணும்.

இத கட்டுப்படுத்த சட்டம் எதுவும் இல்லையா?

1882ல வெள்ளைக்காரன் போட்ட ஈஸ்மெண்ட் சட்டப்படி நிலத்துக்காரருக்கு அவரு நிலத்துக்கு கீழ இருக்குற தண்ணிய எடுத்துக்குற உரிமை உண்டு. மாடு கட்டி இறைச்ச காலத்து சட்டம், போருக்குள்ள மூழ்கி ஓடுற 15 ஹெச்பி சப்மெர்சிபிள் மோட்டாருக்கும் அதே தான் ஓடுது. சென்னைக்கு 1987ல தனி சட்டம் வந்துச்சு. மாநிலம் முழுக்க 2003ல ஒரு நிலத்தடி நீர் சட்டம் போட்டாங்க, அது அமலுக்கே வராம 2013ல ரத்து ஆச்சு. சில வருவாய் கிராமங்கள் சேந்த ஃபிர்கா வாரியா கணக்கெடுத்து எது அபாயம்னு பட்டியல் மட்டும் போடுறாங்க, சமீப கணக்கெடுப்புகள்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு ஃபிர்கா, ஊறுறத விட அதிகமா உறிஞ்சப்பட்டதுன்னு வருது. மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு 2002-03ல ஜெயலலிதா அரசு போட்ட உத்தரவு தான் நிஜமா தெருவுல இறங்கி வேலை செஞ்சது, சென்னைல பல இடத்துல மட்டம் ஏறுச்சு, அப்புறம் பராமரிப்பு விட்டுப் போச்சு.

பஞ்சாப்ல சட்டம் போட்டாங்களே, அங்க என்னாச்சு?

2009ல அங்க நிலத்தடி நீர் பாதுகாப்பு சட்டம் வந்துச்சு. கோடை உச்சத்துல நெல்லு நட்டா தண்ணி ஆவியாகுதுன்னு நடவ ஜூன் 10க்கு தள்ளுனாங்க. தண்ணி கொஞ்சம் மிஞ்சுச்சு. ஆனா நடவு தள்ளுனா அறுவடையும் தள்ளும், அடுத்து கோதுமை விதைக்க டைம் கம்மி, அதனால வைக்கோல் தட்டைய அவசரமா கொளுத்துறாங்க, அதுவும் காத்து அசையாத நவம்பர் பக்கம், டெல்லி மூச்சு திணறுது. ஒரு பக்கம் இழுத்தா இன்னொரு பக்கம் கிழியுது. பயிர மாத்தாம தேதிய மட்டும் மாத்துனா இப்படி தான் ஆகும்.

சாட்டிலைட்டுல இருந்தே தண்ணி கொறையுறது தெரியுமாமே?

தெரியும். 2002ல நாசாவும் ஜெர்மனியும் விட்ட கிரேஸ் ஜோடி சாட்டிலைட்டு பூமியோட ஈர்ப்பு விசை எங்க கூடுது கொறையுதுன்னு அளந்துச்சு, தண்ணி போனா எடை கொறையும்ல. 2002ல இருந்து 2008க்குள்ள ராஜஸ்தான், பஞ்சாப், அரியானா பக்கம் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி தண்ணி போச்சுன்னு கண்டுபிடிச்சாங்க, மேட்டூர் டேம் முழுசா நிரம்புனா எவ்வளவோ அது மாதிரி 40 டேம். 2023ல வந்த இன்னொரு ஆய்வுல, 1993ல இருந்து 2010 வரைக்கும் உலகம் முழுக்க இறைச்ச நிலத்தடி தண்ணியோட எடை இடம் மாறுனதுல பூமி சுழலுற துருவமே 80 சென்டிமீட்டர் கிட்ட நகந்திருக்குன்னு சொல்றாங்க.

சிட்டில இருக்குறவங்களுக்கு இது என்ன சம்பந்தம்?

2019 ஜூன்ல சென்னைக்கு குடிதண்ணி குடுக்குற ஏரி நாலும் காஞ்சப்போ என்ன பண்ணாங்க, அபார்ட்மெண்ட் எல்லாம் போர ஆழப்படுத்துனாங்க, சுத்தி இருக்குற கிராமத்து கிணத்துல இருந்து டேங்கர் லாரி ஓடுச்சு, ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. மீஞ்சூர் பக்கம் சென்னைக்காக வருஷக்கணக்கா இறைச்சதுல கடல் தண்ணி பல கிலோமீட்டர் உள்ள வந்து கிணறெல்லாம் உப்பாச்சு, அதே மீஞ்சூர்ல 2010ல கடல் நீர குடிநீராக்குற பிளான்ட் வந்துச்சு. கேன் தண்ணி வாங்குறவரு அது எந்த ஊரு போர்ல இருந்து வருதுன்னு ஒரு தடவையாவது கேட்டுப் பாக்கணும்.

சோலார் பம்பும் சொட்டு நீரும் வந்தா பிரச்சனை தீந்துடுமா?

சோலார் பம்புல கரண்ட் போர்டுக்கு நஷ்டம் இல்ல, டீசல் புகை இல்ல, பகல்லயே தண்ணி பாய்ச்சலாம், ராத்திரி பாம்பு பயத்தோட காட்டுக்கு போக வேண்டாம், இதெல்லாம் நிஜமான நன்மை. ஆனா சூரியன் இருக்குற வரைக்கும் செலவே இல்லாம ஓடும், ராத்திரி மட்டும் தான் ஓய்வு, போருக்கு அது இன்னும் ஆபத்து. குஜராத்துல துண்டின்னு ஒரு கிராமத்துல 2016ல விவசாயிங்க சங்கம் அமைச்சு மிச்ச சோலார் கரண்ட கிரிட்டுக்கு வித்தாங்க, அப்போ தேவையில்லாம ஓட்டுற தண்ணிக்கு பதிலா கைக்கு காசு. 2019ல வந்த மத்திய அரசோட குசும்ங்கிற சோலார் பம்பு திட்டத்துலயும் இப்படி விக்க வழி இருக்கு, தனி பம்பு குடுக்குறத விட அத தான் வேகமா கொண்டு வரணும்.

சொட்டு நீருக்கு தமிழ்நாட்டுல சிறு குறு விவசாயிக்கு முழு மானியம். நல்லது தான். ஆனா மிஞ்சுன தண்ணில இன்னும் ரெண்டு ஏக்கர் சேத்து போட்டா மொத்த இறைப்பு கொறையாது, பல ஊர்ல அப்படி தான் நடக்குது.

எங்கயாவது இத சரி பண்ணியிருக்காங்களா?

இருக்காங்க. மகாராஷ்டிராவுல ஹிவரே பஜார்னு ஒரு கிராமம், 1990கள்ல இருந்து போபட்ராவ் பவார் சர்பஞ்சா, அதாவது ஊராட்சித் தலைவரா இருந்து மலைச் சரிவுல வரப்பு, மரம், தடுப்புன்னு பண்ணாங்க, அது எல்லா ஊர்லயும் பண்றது தான். இங்க கூடுதலா பாசனத்துக்கு போர் போடக் கூடாது, கரும்பு மாதிரி தண்ணி குடிக்கிற பயிரு போடக் கூடாதுன்னு ஊரே முடிவு எடுத்து காப்பாத்துனாங்க, வருஷா வருஷம் மழை அளவ வச்சு கணக்கு போட்டு என்ன பயிரு வைக்கலாம்னு பேசுறாங்க. ஆந்திராவுல 2003ல இருந்து நடந்த ஒரு திட்டத்துல விவசாயிங்களே கிணத்து மட்டத்த அளந்து ஊர் சுவத்துல எழுதி பயிர் கணக்கு போட்டாங்க, யாரும் தடை போடல, கணக்கு கண்ணுக்கு தெரிஞ்சதும் பலரும் நெல்ல கொறைச்சாங்க. ரெண்டு இடத்துலயும் புது மிஷின் எதுவும் இல்ல, ஒரு டேப்பு, ஒரு மழைமானி, உக்காந்து பேச ஒரு இடம். தமிழ்நாட்டுல ஒவ்வொரு ஊராட்சிலயும் நாலு கிணத்துல இந்த அளவ எடுத்து கிராம சபைல படிச்சா, அஞ்சு வருஷத்துல பேச்சே வேற மாதிரி ஆயிடும்னு நான் முழுசா நம்புறேன்.

நான் புதுசா போர் போடணும், இல்லைன்னா பழைய போர் வத்திடுச்சு, என்ன செய்யணும்?

புதுசுன்னா முதல்ல சுத்தி இருக்குற பத்து போரோட ஆழம், எத்தனாவது அடில தண்ணி, கோடைல எத்தன மணி நேரம் ஓடுதுன்னு கேட்டு எழுதுங்க. எத்தன அடியில நிறுத்தணும்னு வீட்ல உக்காந்து பகல்லயே முடிவு பண்ணி எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க, ராத்திரி ரிக் பக்கத்துல நின்னு முடிவு எடுக்காதீங்க. பக்கத்துக் காட்டுக்காரரோட பங்கு போட்டு ஒரே போர முறை வச்சு பாய்ச்ச முடியுமான்னு கேட்டுப் பாருங்க, முன்னாடி பங்குக் கிணறு இருந்த ஊரு தானே நம்முது. தண்ணி வந்தா குடிக்கிறதுக்கு முன்னாடி லேப்ல குடுத்து ஃபுளோரைடு, நைட்ரேட், உப்பு பாத்துடுங்க.

வத்துன போரா இருந்தா நல்ல கேசிங் இருந்தா மழைத் தண்ணிய கல்லு, ஜல்லி, மணல்ல வடிகட்டி உள்ள விடலாம், சாக்கடையோ உரத் தண்ணியோ கலக்கக் கூடாது. அதுக்கு ஒத்து வராதுன்னா அன்னிக்கே மூடணும். 2010ல சுப்ரீம் கோர்ட்டே வழிமுறை குடுத்திருக்கு, போர் போடுறதுக்கு 15 நாள் முன்னாடி அதிகாரிக்கு தகவல், வேலை நடக்கும்போது சுத்தி வேலி, கேசிங் மேல இரும்புத் தகட்ட வெல்டு பண்ணணும் இல்ல போல்ட்டு போட்டு இறுக்கணும், கைவிட்டதுன்னா அடியில இருந்து தரை மட்டம் வரைக்கும் களிமண், மணல், கல்லு போட்டு நிரப்பணும். 2019ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டில கைவிட்ட போர்ல விழுந்த ரெண்டு வயசு குழந்தைய நம்ம எல்லாரும் டிவில பாத்துட்டே இருந்து இழந்தோம். சாக்கு போட்டு மூடுறது, கல்ல வச்சு மூடுறது மூடுனதா ஆகாது, உங்க காட்டுல அப்படி ஒண்ணு இருந்தா நாளைக்கு காலைல ஒரு வெல்டர கூப்பிடுங்க.